கோட்டை அகழியும் மதராஸ் கடலும்

நேற்று சாயங்காலம் வேலூர் கோட்டை அகழி ஓரம் நடக்கும்போது அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, மெட்ராஸ் கோட்டைக்குக் கடலே அகழிதானே?"

அங்கேதான் வினை. அன்றைய மதராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போடும். சரக்கும் ஆளும் மசூலா படகில் (பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு) அலை தாண்டிக் கரைக்கு வரணும். கப்பற்படை பக்கத்தில் நின்றால்தான் காவல். 1746-இல் ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி பெய்டன் தன் கப்பல்களோடு வங்காளம் பக்கம் நழுவிவிட்டார். (இதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.) செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே தன் கப்பல்களோடு வந்தார், சில நாள் குண்டுவீச்சிலேயே கோட்டை பணிந்தது. அப்புறம் அக்டோபர் புயல் அவருடைய கப்பல்களையும் விட்டுவைக்கவில்லை.

"அப்போ புயல்தான் ஜெயிச்சுதா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் சுண்டல் வண்டிப் பக்கம் ஓடிவிட்டாள்.