கையால் அடித்த பொருளடக்கமும் திரும்பி வந்த ஆய்வேடும்

காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றிய என் ஆய்வேட்டைப் பல்கலைக்கழக அலுவலகம் திருப்பித் தந்ததற்கு ஆய்வில் இருந்த குறை காரணமன்று. பொருளடக்கத்தில் நான்காம் இயலுக்குக் காட்டியிருந்த பக்கத்தைப் புரட்டினால் மூன்றாம் இயலின் நடுப்பகுதி வந்தது. அதுவே காரணம்.

ஈரோட்டில் ஒரு தட்டச்சு மையத்தில் கையெழுத்துப் படியைக் கொடுத்தபோதே, தலைப்புகளை வேர்டு மென்பொருளின் ஹெடிங் ஸ்டைலில், அதாவது தலைப்பு என்று வேர்டே அறிந்துகொள்ளும் வடிவத்தில், அமைத்துத் தருமாறு கேட்டிருந்தேன். "தமிழுக்கு அதெல்லாம் வராதுங்க, பொருளடக்கம் கையிலதான் அடிக்கோணும்" என்றார்கள். அது முற்றிலும் தவறான தகவல். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவுக்குத் தள்ளி, இயல் எண், புள்ளி வரிசை, பக்க எண் அனைத்தையும் கையாலேயே அடித்திருந்தார்கள். பவானி அணைக்கட்டைப் பற்றிய இயலை, சாயக்கழிவு பற்றிய இயலுக்கு முன்னால் கொண்டுவருமாறு நெறியாளர் சொல்ல, இயல் இடம் மாறியது. பழைய எண்கள் அப்படியே நின்றன. திருத்துவதற்குத் தனிக் கட்டணமும் கேட்டார்கள்.

கோப்பை வாங்கிவந்து வீட்டிலேயே சரிசெய்தேன். இயல் தலைப்புக்கு கன்ட்ரோல், ஆல்ட், 1. உட்தலைப்புக்கு அதே விசைகளுடன் 2. இது எளிதாக முடிந்தது. ஆனால் வியூ பட்டியலில், தலைப்புகளை வரிசையாகப் பக்கவாட்டில் காட்டும் நேவிகேஷன் பேனைத் திறந்தபோது அங்கே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடந்தன. தலைப்புகளை மட்டும் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு போர்த்தியிருக்கும் வரைதான் அவை தமிழாகத் தெரியும். நேவிகேஷன் பேன் தன் சொந்த எழுத்துருவில் காட்டுவதால் குட்டு வெளிப்பட்டுவிட்டது. தலைப்புகள் அனைத்தையும், எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அவற்றைப் படிக்க முடிந்தது.

அடுத்த சிக்கலைப் பலரும் சந்திப்பார்கள். ஹெடிங் 1 ஸ்டைலின் அளவை 16 ஆக்கியும் தமிழ் எழுத்து அசையவில்லை. வேர்டு தமிழைக் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்னும் தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. அந்த ஸ்டைலை வலச்சொடுக்கினால் வரும் மாடிஃபையில் ஃபார்மட், ஃபான்ட் என்று உள்ளே சென்று அந்தக் கட்டத்திலும் எழுத்துருவையும் அளவையும் தர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு பவானி இயலை நேவிகேஷன் பேனில் பிடித்து மேலே இழுத்தேன். உட்தலைப்புகளும் பத்திகளும் அதனுடனேயே வந்து சேர்ந்தன. இயலுக்கும் உட்தலைப்புக்கும் தானாக எண்ணிடும் மல்டிலெவல் லிஸ்டை ஹெடிங்குகளோடு இணைத்திருந்ததால் இயல் எண்களும் தாமாக மாறின. அந்த நிறைவை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஹெடிங்குகளைக் கொண்டு வேர்டே உருவாக்கித் தரும் பொருளடக்கத்தில் எஃப் 9 அழுத்தும்போது பக்க எண்களை மட்டும் புதுப்பிக்காமல் முழு அட்டவணையையும் புதுப்பியுங்கள். இல்லையென்றால் புதிய தலைப்பு அதில் ஏறாது. பொருளடக்கத்துக்குள் கையால் எதையும் திருத்தாதீர்கள். அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துவிடும்.

மென்படியும் கேட்பார்கள். வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸில் ஹெடிங்குகளைக் கொண்டு புக்மார்க் உருவாக்கும் கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். தேர்வாளர் வேண்டிய இயலுக்கு நேரே போய்விடலாம்.