பல் போனால் சொல் போச்சு. பல் வைத்தால் சோறும் போச்சு

கீழ்த்தாடையின் வலது பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நாக்கு அந்த ஓட்டையிலேயே குடியேறிவிடும் போல இருந்ததால், சரி, இம்பிளான்ட் வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். தாடை எலும்பில் ஒரு டைட்டானியம் திருகை இறக்குவார்கள். எலும்பு அதைச் சுற்றி ஒட்டி வளரும். மூன்று முதல் ஆறு மாதம் கழித்து அதன் மேல் பல்லை மாட்டுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டபின் வலியே தெரியவில்லை. பக்கத்து வீட்டில் தச்சுவேலை நடப்பது போல அதிர்வும் சத்தமும் மட்டும்தான். என்ன, அந்தப் பக்கத்து வீடு என் வாய்க்குள்ளேயே இருந்தது.

"ஒரு பத்து நாளைக்கு மெல்ல வேண்டாத சாப்பாடுதான் சார். இன்னைக்குச் சூடா எதுவும் வேண்டாம். ஐஸ்க்ரீம் சாப்பிடலாம்" என்றார் மருத்துவர். கடைசி வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் என் காதில் ஏறவில்லை. ஐம்பது வயதில் டாக்டர் சீட்டோடு ஐஸ்க்ரீம்! பெருமை பொங்கச் சிரித்தேன். பாதி உதடு மரத்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாக ஒழுகியது.

நிபந்தனைகளை அப்புறம் வீட்டில் மனைவிதான் படித்துக் காட்டினாள். மரப்பு விடும்வரை சாப்பிடக் கூடாது, கன்னத்தையே கடித்துக்கொண்டாலும் தெரியாதாம். கோன் கூடாது, பருப்பு தூவியது கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவே கூடாது. உறிஞ்சும் வேகத்தில், காயத்தின் மேல் கட்டியிருக்கும் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடலாம். கொப்பளிப்பதும் மறுநாளில் இருந்துதான். அதுவும் உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை மெதுவாகச் சாய்த்து, தானாக வழிய விட வேண்டும், துப்பக் கூடாது.

முதல் நாள் இரண்டு வேளையும் ஐஸ்க்ரீம். இரண்டாம் நாள் மதியம் மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் அல்ல.

அதன் பிறகு மிக்சி பொறுப்பேற்றுக்கொண்டது. கேரட், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் தனித்தனி நிறத்தோடு உள்ளே போய், ஒற்றுமையாக ஒரே சாம்பல் நிறத்தில் வெளியே வந்தன. ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். சுவருக்குப் பட்டி பார்க்கலாம், அவ்வளவு பதம். மென்மையாகப் பொரித்த முட்டை, மசித்த வாழைப்பழம், தயிர், ஆறிப்போன சூப் என்று நாட்கள் வழுக்கிக்கொண்டு போயின. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பார்கள். நொறுங்கவே வழியில்லாதவனுக்கு எத்தனை என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்கு வந்தது. அது இயல்புதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். "அப்பா, நீங்க ஒரு பக்கம் மட்டும் குண்டாயிட்டீங்க" என்றான் மகன். அதே மகன் அன்று மாலை பாசத்தோடு ஸ்ட்ராபெரியும் தயிரும் அடித்துக் கொண்டுவந்தான். கரண்டி வாயருகே போனபோது மனைவி பாய்ந்து தடுத்தாள். "ஏங்க, அதுல விதை இருக்கு! தையல்ல போய் மாட்டிக்கும்!" ஸ்ட்ராபெரியின் விதைகளை அன்றுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். வடிகட்டியில் அரை மணி நேரம் தேய்த்ததில் இரண்டு கரண்டி தேறியது. மீதியை மகன் என் கண்ணெதிரே குடித்தான், ஸ்ட்ரா போட்டு.

ஆனாலும் இதெல்லாம் பெரிய துன்பமில்லை. நான்காம் நாள் இரவுதான் நோய் என்னவென்று பிடிபட்டது. பக்கத்து அறையில் யாரோ உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள். சர்ர்ர், அப்புறம் மொறுக், மொறுக். என் வயிறு நிறைந்துதான் இருந்தது. பசி முழுக்கக் காதில் இருந்தது. ருசியை எவ்வளவு வேண்டுமானாலும் கரைத்துக் குடித்துவிடலாம், மொறுமொறுப்பை மிக்சியில் போட்டு அடிக்க முடியாது.

நள்ளிரவில் சமையலறைக்குள் பூனை போல நுழைந்து ஒரு ரஸ்க்கை எடுத்தேன். கடிக்கும் தைரியம் இல்லை. இரண்டாக உடைத்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டேன். அதுவே சுகமாக இருந்தது. இன்னொன்றையும் உடைத்தேன். விளக்கு எரிந்தது. "என்ன பண்றீங்க?" கையில் நான்கு துண்டுகள், வாயில் ஒன்றுமில்லை. இதற்கு என்னதான் பதில் சொல்வது? பாலில் நனைத்துச் சாப்பிடத்தான் என்று சமாளித்து நனைத்தேன். அது இடுப்பொடிந்து டம்ளருக்குள் மூழ்கிவிட்டது.

தூக்கம் வராமல் இம்பிளான்ட் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1950களில் சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினாராம். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால், எலும்பு அதோடு ஒட்டிக்கொண்டு பிடியை விடவே இல்லை. அதிலிருந்துதான் இந்தத் திருகு பிறந்தது, 1965இல் மனிதனின் வாய்க்கும் வந்தது. எனக்கென்னவோ அந்த முயல் மீது பொறாமைதான் வந்தது. அதற்குக் காலில்தானே வைத்தார்கள், கேரட்டை யாரும் பிடுங்கவில்லையே.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியான உணவுக்கு வரலாம், ஆனால் எலும்பு பிடிக்கும்வரை அந்தப் பக்கம் மட்டும் கடினமான எதையும் கடிக்க வேண்டாம் என்றார்கள். இடது பக்கம் தனியாளாகக் குடும்பத்தைத் தாங்கத் தொடங்கியது.

நான்கு மாதம் கழித்துப் பல் வந்தது. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலையோடு உட்கார்ந்தேன். மொறுக், மொறுக். ஆஹா, அந்தச் சத்தம்! கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் காலி செய்தேன்.

"புதுப் பல்லு எப்படிங்க இருக்கு?" என்றாள் மனைவி.

அப்போதுதான் உறைத்தது. கடைசிக் கடலை வரை எல்லாவற்றையும் இடது பக்கமாகவே மென்றிருந்தேன்.