தரங்கம்பாடியில் மூன்று நாள்

பிப்ரவரி 21, வெள்ளி

மயிலாடுதுறையில் பஸ் ஏறி தரங்கம்பாடி வந்து இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. 1926லிருந்து 1986 வரை இந்த ஊருக்கு ரயில் ஓடியிருக்கிறது, இப்போது பஸ்தான். பையோடு நேராகக் கோட்டைக்குப் போனால் கதவு பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறையாம், வருபவர்கள் நாள் பார்த்து வாருங்கள்.

சரி, ஊரையாவது பார்ப்போம் என்று திரும்பி நகர வாசல்வரை நடந்தேன். 1792இல், அப்போது இந்த ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள், அதாவது டென்மார்க் நாட்டுக்காரர்கள், கட்டிய வெள்ளை வாசல். அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி, வீதியின் கடைசியில் கடல். அந்த வீதியில் ஹார்ன் சத்தமே இல்லை. 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், தூண் வைத்த பழைய ஆளுநர் மாளிகை எல்லாமே பத்து நிமிட நடைக்குள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்து வருகிறவர்கள் இங்கே அரைமணி நேரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாவமாக இருக்கிறது, இந்த வீதியைச் சாயங்கால வெயிலில் பார்க்கவேண்டும்.

பிப்ரவரி 22, சனி

விடிவதற்கு முன்னால் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போனேன். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்பது இந்தக் கோயில் கல்வெட்டிலிருந்துதான் தெரிகிறது. வலை உதறிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கோயிலுக்கு முன்னாடி முன்னெல்லாம் நிறைய எடம் இருந்துச்சு தம்பி" என்று கடலுக்குள் கையைக் காட்டினார். அப்புறம் 2004 சுனாமியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் மேலே கேட்கவில்லை.

இன்றைக்குக் கோட்டை திறந்திருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் எழுப்பியது. அப்போது நாயக்கரிடமிருந்து டென்மார்க் அரசருக்குத் தமிழில் எழுதிப்போன தங்க ஏடு இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. மிளகுக்காக வந்தவர்கள் 1845இல் வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

எனக்கு அதையெல்லாம் விட, கீழே இருக்கும் வளைவுக்கூரை அறைகளில்தான் மனசு நின்றது. 1706இல் வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியாரை, கோட்டைத் தளபதிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நான்கு மாதம் இந்தக் கோட்டையில்தான் அடைத்து வைத்தார்கள். எந்த அறை என்று தெரிந்துகொள்ளத் தேடவில்லை, ஓர் அறையில் சும்மா நின்றேன். சுவர் பிசுபிசுவென்று இருந்தது, விரலை வைத்தால் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. சிறிய ஜன்னல் வழியாக அலைச் சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்கு என்ன நாள் என்று காலையில்தான் உறைத்தது. 1719இல் இதே பிப்ரவரி 23ஆம் தேதிதான் சீகன்பால்கு இறந்தார், வயது 36. புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனை முடியும்வரை வெளியே காத்திருந்து, பிறகு உள்ளே போனேன். அவர் இறந்ததற்கு முந்தைய ஆண்டுதான் கட்டி முடித்த ஆலயம், அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான். பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர், பத்தே வருஷத்துக்குள் தமிழில் பைபிளின் புதிய ஏற்பாட்டை அச்சடித்துவிட்டார்! ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடியை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிறவன் நான். ஒரு ‘ழ’வை ஈயத்தில் வார்க்க அந்தப் பட்டறைக்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன்.

காகிதமும் போதாமல், பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை வைத்தார்கள். ஊருக்குத் திரும்ப பஸ் பிடிக்கும் முன் அதையும் பார்த்துவிடுவோம் என்று ஆட்டோ அண்ணனிடம், "பழைய காகித ஆலை இருந்த இடம் தெரியுமாண்ணே?" என்றேன். ஆலை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடுதாசிப்பட்டறைன்னு ஒரு எடம் இருக்கு, அதைக் கேக்குறீங்களா?" என்றார்.

ஏறி உட்கார்ந்துவிட்டேன்.