மூன்று போல்ட் வேலை

ஒஹாயோவில் மே மாதம் வந்துவிட்டால் புல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. என் தள்ளு புல்வெட்டியின் எஞ்சினில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சினின் உலோகக் கூடான கிராங்க்கேஸின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தபோது, பிளேடை மூடியிருக்கும் 21 அங்குல டெக்கும் சக்கரங்களும் கைப்பிடியும் நல்ல நிலையில் இருந்ததால் அதைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் இதற்கு நேர்மாறான ஒன்று கிடந்தது. டெக் துருவேறி இற்றுவிட்டது. மேலே இருந்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் மட்டும் கயிற்றை இழுத்தால் நல்ல கம்ப்ரஷனோடு சுழன்றது. அந்த எஞ்சினை என் டெக்கில் பொருத்துவது மூன்று போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலைதான் என்று அவர் சொன்னது பாதி உண்மை.

டெக்கின் மேற்புறத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. இவ்வகைச் சிறிய எஞ்சின்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி அமைந்த மூன்று துளைகளில் உட்கார்ந்துவிடும். வம்பெல்லாம் டெக்கின் அடியில்தான் தொடங்குகிறது. பிளேடைத் தாங்கும் கிராங்க்‌ஷாஃப்டின் விட்டம் பொதுவாக 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ., அல்லது 25 மி.மீ. இருக்கும்; பிளேடை ஷாஃப்டோடு இணைக்கும் ஹப் ஷாஃப்டின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தியே ஆக வேண்டும், தகடு சுற்றிச் சமாளிக்கும் இடமல்ல அது. நீளமும் முக்கியம்: ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் பிளேடு டெக்கின் உட்புறத்தை உரசும், நீண்டிருந்தால் டெக்கின் விளிம்புக்கு வெளியே தலை நீட்டும். தானாக நகரும் புல்வெட்டியானால் சக்கரங்களை ஓட்டும் பெல்ட் புல்லிக்கும் அதே ஷாஃப்டில் இடம் வேண்டும். என்னுடையது கையால் தள்ளுவது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

வருடக்கணக்கில் ஓடிய எஞ்சின் ஒரு வேரையோ கல்லையோ மோதாமல் இருந்திருக்காது. ஆகவே எஞ்சினின் மேலே சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலைக் கழற்றி, அதை ஷாஃப்டில் சரியான இடத்தில் நிறுத்தும் கீயைப் பார்த்தேன். மென்மையான உலோகத்தாலான இந்தச் சிறு துண்டு, பிளேடு எதிலாவது மோதும்போது வெட்டுப்படும். பாதி வெட்டுப்பட்டாலே ஃபிளைவீல் சற்று நகர்ந்து, ஸ்பார்க் தவறான நேரத்தில் விழும். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் அந்த எஞ்சின் ஒழுங்காக ஓடாது. பழைய கீயின் நடுவில் மெல்லிய படி ஒன்று நகத்துக்குத் தட்டுப்பட்டது. புதிய கீயின் விலை அற்பம்.

நான் அதிகம் தயங்கியது பிரேக் விஷயத்தில். கைப்பிடியை விட்ட 3 வினாடிகளுக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1982 ஜூன் 30-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எஞ்சின்கள் பலவற்றில் ஃபிளைவீல் பிரேக்கே கிடையாது. பழைய இரும்பு உழைக்கும் என்று புகழ்ந்தபடி அப்படிப்பட்ட எஞ்சினைப் பொருத்தி, பிரேக் கேபிளைக் கம்பியால் கட்டிவைப்பவர்கள் உண்டு. கையும் காலும் பிளேடுக்கு அருகில் போகும் ஒரு கருவியில் அதை நான் கெட்டிக்காரத்தனமாகக் கருதமாட்டேன். பிரிக்ஸ் எஞ்சினின் உறையில் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த ஆண்டைக் குறிக்கும். கிரீஸைத் துடைத்துப் பார்த்தபோது 86 என்றிருந்தது; பிரேக்கும் இருந்தது. கைப்பிடியை அழுத்தினால் பிரேக் பட்டை ஃபிளைவீலை விட்டு முழுவதும் விலக வேண்டும், விட்டால் பட்டை அழுந்துவதோடு ஸ்பார்க்கும் நிற்க வேண்டும். கேபிளின் நீளத்தை இதற்கு ஒத்துவரச் செய்வதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது.

வேகத்தையும் அளந்தேன். பிளேடு நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதி வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. 21 அங்குல பிளேடுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 3,450 சுற்றுகள் ஆகிறது. சிறிய பிளேடோடு ஓடிய எஞ்சினுக்கு இதைவிட அதிக வேகம் வைத்திருக்கலாம் என்பதால், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருத்தி, சுற்றுகளை அளக்கும் டாக்கோமீட்டரில் 3,100 காட்டும்படி நிறுத்தினேன்.

இப்போது முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. சைலன்சர் மட்டும் ஓட்டையாக இருக்கிறது. புதியது வந்து சேரும் வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புல்வெட்டியைக் கராஜை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்பது வீட்டின் உத்தரவு.