சின்சில்லாவைக் கைக்குப் பழக்குதல்: இதுவரை எட்டிய இடம்

சின்சில்லா என்பது தென் அமெரிக்க மலைகளைச் சேர்ந்த, அடர்ந்த ரோமமுள்ள சிறிய கொறிக்கும் பிராணி. கூண்டில் இருப்பவை வளர்ந்த ஆண் சின்சில்லாக்கள் இரண்டு. நிறத்தை வைத்தே கூப்பிடுகிறேன்: ஒன்று சாம்பல், மற்றது பீஜ் (வெளிர் பழுப்பு). இரண்டும் வேறொரு வீட்டிலிருந்து வந்தவை. அங்கே துரத்திப் பிடித்தே தூக்கியிருக்கிறார்கள் என்பது கூண்டுக் கதவு திறந்ததும் அவை மூலைக்கு ஓடிய வேகத்திலேயே தெரிந்தது. மடியில் சுருண்டு படுக்க வைக்கும் எண்ணம் எதுவும் இல்லை. முக்கால்வாசி சின்சில்லாக்கள் எவ்வளவு பழகினாலும் அதைச் செய்யாது. வாரம் ஒருமுறை எடை பார்க்கவும், பல்லையும் பாதத்தையும் கவனிக்கவும், கூண்டு கழுவும்போது பதறாமல் எடுத்து மாற்றவும் முடிந்தால் போதும்.

மேலிருந்து இறங்கும் கையைச் சின்சில்லா பொறுக்காது. சிலியின் மலைச்சரிவுகளில், பாறை இடுக்குகளில் வாழும் பிராணி இது. அங்கே அதைத் தின்பவை ஆந்தையும் நரியும். வீடுகளில் இன்று இருப்பவற்றில் பெரும்பாலானவை 1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன சில சின்சில்லாக்களின் வழிவந்தவை. அதற்குப் பிறகு பல தலைமுறைகளாக ரோமத்துக்காகத்தான் வளர்த்தார்கள், சாதுவான குணத்துக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆக, நாய் பூனைக்கான கணக்கு இங்கே செல்லாது.

முதலில் செய்தது, கையை உள்ளே வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. பொழுது சாய்ந்து அவை தாமாக எழுந்த பிறகு, உள்ளங்கை மேலே பார்க்க, கூண்டின் கீழ்ப்பலகையில் கையை வைத்து, பத்து நிமிடம். பகல் தூக்கத்தில் எழுப்பிப் பழக்கினால் கடிதான் கிடைக்கும். கை கழுவி, நன்றாகத் துடைத்திருக்க வேண்டும். சாப்பாட்டு வாசனை இருந்தால் விரலைத் தீனி என்று நினைத்துக் கொறிக்கும். ஈரம் பட்டால் அந்த அடர்ந்த ரோமம் லேசில் காயாது, பூஞ்சை பிடிக்கும்.

பீஜ் சீக்கிரமே வந்து நகத்தை மெல்லக் கொறித்துப் பார்த்தது. இது கடியல்ல, சோதனை. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்: வெடுக்கென்று கையை இழுத்துவிடுவார்கள். ‘கொறித்தால் கை போய்விடும்’ என்று பிராணி கற்றுக்கொள்ளும், அடுத்த முறை அழுத்தமாகவே கடிக்கும். விரலை மடக்கி, கையை அங்கேயே வைத்திருந்தால் ஆர்வம் போய்விடும். பல்லைக் கடகடவென அடித்தாலோ, பின்னங்காலில் நிமிர்ந்து நின்றாலோ அது எச்சரிக்கை. அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடலாம். பெண் சின்சில்லாவாக இருந்தால் அப்படி நிமிர்ந்து நின்று மூத்திரத்தைக் குறிபார்த்துப் பீய்ச்சவும் செய்யும்.

தீனி விஷயத்தில் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஓட்ஸ் செதில், அல்லது காய்ந்த ரோஸ்ஹிப்பில் (ரோஜாச் செடியின் காய்) சின்னத் துண்டு, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு. உலர்திராட்சை, முந்திரி, சூரியகாந்தி விதை வேண்டவே வேண்டாம். சர்க்கரையும் கொழுப்பும் அதன் குடலைக் கெடுத்துவிடும். காய்ந்த டிமோத்தி புல்லே சாப்பாடு, மற்றதெல்லாம் லஞ்சம்.

தொடுவதை முகவாய்க்குக் கீழே தொடங்க வேண்டும். ஒரு விரலால் முகவாயடியிலும் காதுக்குப் பின்னாலும் சொறிந்தால், பிடித்துப்போனால் தலையைத் தூக்கிக் கொடுக்கும், கண் பாதி மூடும். முதுகிலும் வாலிலும் கை வைத்தால் உடனே விலகும். முகவாய் வரை அனுமதித்த சாம்பல், விலாப்பக்கம் கை போனதும் திரும்பவும் மூலைக்கே ஓடியது. அவசரப்படாமல் முகவாய்க்கே திரும்பிப் போனதுதான் அப்போது உதவியது.

தூக்கும் முறை: ஒரு கை மார்புக்கு அடியில், மற்றது பின்பாகத்துக்கு அடியில். பிறகு உடனே நம் உடம்போடு அணைத்து, அதன் தலையை முழங்கை மடிப்புக்குள் விட வேண்டும். இருட்டான இடுக்கு கிடைத்ததும் துள்ளல் அடங்கும். மார்பைச் சுற்றி இறுக்கக் கூடாது, விலா எலும்புகள் மென்மையானவை. பிடரியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இறுக்கிப் பிடித்த இடத்தில் ரோமம் கொத்தாகக் கழன்று கையோடு வந்துவிடும். இது வேட்டைவிலங்கிடமிருந்து தப்பும் ஏற்பாடு. கழன்ற இடத்தில் ரத்தம் இருக்காது, தோல் வழவழவென்று இருக்கும், ரோமம் மறுபடி வளரச் சில மாதங்கள் ஆகும். அதற்குப் பதில் மூக்கையும் கண்ணையும் சுற்றிச் செதில் செதிலாக முடி கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். தூக்கிப் பழகுவது தரையில் உட்கார்ந்தபடிதான். பின்னங்கால் எலும்பு நீளமானது, மெல்லியது. நின்ற உயரத்திலிருந்து குதித்தால் முறியக்கூடும்.

எல்லாவற்றையும்விட வேலையைச் சுலபமாக்கியது புழுதிக் குளியல் பெட்டி. ஒரு பக்கம் வாய் உள்ள பெட்டி, அதில் நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சின்சில்லாவுக்கென்றே விற்கும் நுண்ணிய எரிமலைத் தூள். ஆற்று மணல் ஆகாது, பரபரவென்று ரோமத்தை உடைக்கும். பெட்டியை வைத்ததுமே இரண்டும் உள்ளே குதித்து உருளும். உருண்டு முடித்து, கிறங்கிப்போய் நிற்கும் அந்த நிமிடத்தில் பெட்டியின் வாயைக் கையால் மறைத்துப் பெட்டியோடு தூக்கிவிடலாம். அறையில் விளையாட விட்ட பிறகு கூண்டுக்குத் திருப்ப இதைவிட நல்ல வழி கிடையாது, துரத்தவே வேண்டாம். குளியல் வாரம் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம். பெட்டியைக் கூண்டிலேயே விட்டுவைத்தால் கண் எரிச்சலும் தோல் வறட்சியும் வரும்.

அறையின் வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை. 25ஐத் தாண்டினால் அன்று பழக்குவது கிடையாது. தூக்கிப் பிடிப்பதே உடம்புச் சூட்டை ஏற்றும், சின்சில்லாவுக்கு வியர்க்காது. காது மடல் சிவந்தால் உடனே கீழே விட்டுக் குளிர்ந்த கிரானைட் பலகையில் இருக்க விட வேண்டும். எச்சில் ஒழுகி, நீட்டிப் படுத்துவிட்டால் அவசரச் சிகிச்சைதான்.

இப்போது பீஜ் நீட்டிய முன்கையில் தானாக ஏறி, தோள் வரை வந்து இறங்குகிறது. சாம்பல் கையில் முன்னங்கால்களை மட்டும் வைக்கும், பின்னங்கால்கள் பலகையிலேயே இருக்கும். அதனால் எடை பார்க்கும் முறையை அதற்கேற்ப மாற்றியாயிற்று: சமையலறை டிஜிட்டல் தராசில் பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி, உள்ளே ஒரு ஓட்ஸ் செதில். சாம்பல் தானே உள்ளே இறங்கும், எண் நிலைத்ததும் வெளியே வரும். வளர்ந்தவை பொதுவாக 400 முதல் 600 கிராம் இருக்கும். ஒரு நாள் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போனால் பல்லைச் சந்தேகிக்கலாம். முன்பற்கள் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது ஆரோக்கியம். அதைப் பார்க்க உதட்டை விலக்க விடும் அளவுக்குப் பீஜ் வந்துவிட்டது. சாம்பலுக்கு அடுத்து அதே டப்பாவைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி இறக்கிப் பழக்க வேண்டும்.