வெளிறிப்போன பில்

2020 மே மாதம் கோத்தகிரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் செயலராக இருந்தேன். குஞ்சப்பனை சோதனைச் சாவடி வழியாக ஊர் திரும்பியவர்களை, கொரோனாத் தனிமை முகாமாக்கிய எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைத்தோம். அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கடன். "பணம் எங்கே ஓடிவிடப் போகிறது, எடுத்துப் போங்கள் சார்" என்றார். ஓடவில்லைதான், ஆனால் ஒன்றரை வருடம் நின்றுவிட்டது.

கொரோனாவைப் பேரிடராகக் கருதி மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து செலவு செய்யலாம் என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 14 அன்றே சொல்லிவிட்டது. முகாமில் தங்கியவர்களின் சாப்பாடு, தங்குமிடம், உடை, மருத்துவம், துப்புரவுப் பணியாளருக்கான பாதுகாப்பு உடை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எங்களை அலைக்கழித்தது பட்டியல் இல்லை, காகிதம்.

முதல் அடி டீசல் பில். பெட்ரோல் பங்கில் தருகிற அந்த வழவழப்பான தாளை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். ஆடி மழை முடிந்து எடுத்தால் வெள்ளைத்தாள்! தேதி, தொகை எதுவும் இல்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது பங்கின் முத்திரை மட்டும் நிழல்போலத் தெரிந்தது. பங்குக்காரர் நல்ல மனிதர்; கணக்குப் பார்த்து நகல் பில்லில் கையெழுத்திட்டுத் தந்தார். அன்று முதல் எந்த பில்லையும் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, எண் போட்டு வைக்கிறேன்.

அடுத்தது பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்பை வாடகைக்கு எடுத்த கணக்கு. "வரைபடத்தில் 9 கிலோமீட்டர், லாக் புத்தகத்தில் 16 என்று இருக்கிறதே?" என்றார் தணிக்கையாளர். நோய்த்தொற்று வந்த தெருவில் தடுப்பு வைத்திருந்ததால் தோட்டப் பாதையைச் சுற்றித்தான் போக முடிந்தது. அதைத் தலையாரியிடம் எழுதி வாங்கி இணைத்தேன். மூன்று பேரிடம் விலை கேட்டு எழுத்தில் விலைப்புள்ளி ஏன் வாங்கவில்லை என்ற கேள்விக்கு மட்டும் பதில் கையில் இருந்தது: 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இயற்கைப் பேரிடர், அரசு அறிவிக்கும் அவசரநிலைக் காலக் கொள்முதலுக்கு விலக்கு தருகிறது.

அண்ணாச்சியின் துண்டுச் சீட்டுகள்தான் பெரும்பாடு. "அரிசி" என்று மட்டும் இருக்கும். எத்தனை கிலோ, எந்த நாள் என்றே இராது. முகாம் வருகைப் பதிவேட்டை எதிரே வைத்து, அன்றன்று தங்கியவர்களின் எண்ணிக்கையோடு ஒவ்வொரு சீட்டையும் ஒப்பிட்டு, அவரோடு உட்கார்ந்து நான்கு இரவுகள் எழுதினோம். பதிவேடு மட்டும் இல்லாவிட்டால் அத்தனையும் போயிருக்கும்.

கடைசியில் பணம் வந்தது. ஒரு செலவினம் மட்டும் சிவப்பு மையில் அடிபட்டுத் திரும்பியது: மருந்து தெளித்தவர்களுக்கு வாங்கிய தேநீர். முகாமில் தங்கியவர் குடித்தால் செலவு, வெளியே கிருமிநாசினிக் கேனைச் சுமந்து நின்றவர் குடித்தால் விதியில் இடமில்லையாம். டீக்கடையில் அந்த 1,340 ரூபாயை என் பையிலிருந்து கொடுத்தேன். கடைக்காரர் பில் வேண்டுமா என்று கேட்டார்.