நின்றால் கொதிக்கும், ஓடினால் குளிரும்

ஜூன் 1, ஞாயிறு

தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். குழந்தையை என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நான் போகாமல் ஆசாரியின் ஊசி அசையாது. இடம், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வக் கோயில். கும்பகோணத்திலிருந்து தர்மபுரிக்கு மாற்றலாகி வந்து ஏழு மாதம்தான் ஆகிறது, அந்தப் பக்கம் போனதில்லை. மகன் போனில் ஊர்ப்பெயரைத் தட்டினான். வழி வந்தது. கிளம்பிவிட்டோம்.

கடத்தூர் வந்தபோதுதான் உறைத்தது. போய்க்கொண்டிருந்தது பாப்பிரெட்டிப்பட்டிக்கு. அது தர்மபுரிக்குத் தென்கிழக்கே. பாப்பாரப்பட்டியோ வடமேற்கே, சுப்பிரமணிய சிவா 1925-ல் மறைந்த ஊர். சிவாவின் ஊர் என்பது எனக்குத் தெரியும். எந்தத் திசை என்று கேட்கத்தான் தோன்றவில்லை. மகனைத் திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பினால் கடைவீதியில் நெரிசல். கால் மணி நேரம் ஊர்ந்தோம். வெப்பம் காட்டும் முள் நடுவிலிருந்து கிளம்பிச் சிவப்புக் கோட்டில் போய் உட்கார்ந்தது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், உள்ளே இட்லிக் குண்டான் கொதிக்கிற சத்தம். டீக்கடைக்காரர் நல்ல மனிதர். சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். பிடித்து இழுத்தேன். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் பீய்ச்சியடிக்கும்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். தங்கை ஆறு முறை அழைத்தாள். ஏழாவது முறை மாப்பிள்ளை பேசினார்: "மச்சான், ஆசாரிக்கு இன்னொரு இடத்திலும் வேலை இருக்கிறதாம்." அவர் குரலில் இருந்த மரியாதைதான் என்னை அதிகம் சுட்டது.

போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி. குழந்தை தூங்கிவிட்டிருந்தான். எழுப்பிக் குத்தினோம்.

ஜூன் 3, செவ்வாய்

பட்டறை. மெக்கானிக் ஒருமுறை சுற்றிவந்து, "தெர்மோஸ்டாட்" என்றார். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு அது. மாற்றினார். கூலன்ட்டை மாற்றினார். ரேடியேட்டர் மூடியையும் மாற்றினார். 4,300 ரூபாய். சோதித்துப் பார்க்கத் தொப்பூர் பக்கம் பைபாஸில் எண்பதில் ஓட்டினோம். முள் நடுவில் அறைந்தாற்போல் நின்றது.

"பார்த்தீர்களா சார், பனிக்கட்டி மாதிரி இருக்கிறது."

ஜூன் 4, புதன்

ஆபீசுக்குக் கிருஷ்ணகிரி வரை போய்வந்தேன். ஒன்றுமில்லை. மெக்கானிக்கை மனதுக்குள் சந்தேகப்பட்டதற்கு வெட்கம்.

ஜூன் 10, செவ்வாய்

வெட்கப்பட்டது வீண்.

ஆபீஸ் வேலையாகக் கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர் போக வேண்டியிருந்தது. திருவண்ணாமலை சாலை. மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் வாசலில் பெங்களூரா காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலைவரை வரிசை கட்டி நின்றன. இறக்க முறை வரும்வரை ஓட்டுநர்கள் டிரெய்லருக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். மீதமிருந்த இடுக்கில் நாங்கள் நத்தையாக நகர்ந்தோம். முள் மறுபடியும் சிவப்பில்.

காப்பீட்டோடு தந்திருந்த உதவி எண்ணை அழைத்தேன். எந்த இடம் என்று ஒரு பெண் கேட்டார். எதிரே டயர் கடைப் பலகையில் 'என்.எச். 66' என்றிருந்தது, அப்படியே படித்தேன். ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "மங்களூரைத் தாண்டிவிட்டீர்களா சார்?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றினார்கள். இந்தச் சாலை 77 ஆகிவிட்டது. நான் தினமும் ஓட்டும் பழைய 7 இப்போது 44. 66 என்ற எண் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி போகும் மேற்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. டயர் கடைக்காரர் மட்டும் பலகைக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. "கடல் இல்லை அம்மா, மாங்காய்தான் இருக்கிறது" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்துவந்து ஒரு வழி சொன்னார். எஞ்சின் ஆறிய பிறகு ஹீட்டரை முழுசாகப் போட்டு ஓட்ட வேண்டும். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டது. ஜூன் வெயிலில், நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஹீட்டர் காற்றில் தர்மபுரி வந்து சேர்ந்தேன். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.

ஜூன் 11, புதன்

காலையில் காபியை வைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "கடத்தூர் கடைவீதியில் ஏசியும் அனலாகத்தான் வந்தது. பைபாஸ் ஏறியதும் குளிர்ந்தது. நான் சொன்னேன். வெயில் அப்படி என்றீர்கள்."

காபி ஆறும்வரை யோசித்தேன். ஏசிக்கும் ரேடியேட்டருக்கும் பொதுவாக இருப்பது முன்னால் உள்ள மின்விசிறி. வேகமாகப் போனால் எதிர்காற்றே போதும், விசிறி செத்துக்கிடந்தாலும் தெரியாது. ஊர்ந்தால்தான் அதன் தயவு வேண்டும். எண்பதில் ஓட்டிப் பார்த்தால் இந்தக் கோளாறு ஏழு ஜென்மத்துக்கும் அகப்படாது.

மாலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. ஸ்டூல் அளவுக்குத்தான் கடை. பையன் ஒன்றும் கேட்கவில்லை. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து நேராக விசிறி மோட்டாருக்குக் கொடுத்தான். அசையவில்லை. ஸ்குரூடிரைவரின் பிடியால் மோட்டாரின் முதுகில் டொக்கென்று ஒரு தட்டு. விசிறி விருட்டென்று சுழன்று, பத்து எண்ணுவதற்குள் நின்றது.

"கார்பன் தேய்ந்துவிட்டது சார்."

மோட்டாரைக் கழற்றிக் காட்டினான். சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் இரண்டு கரித்துண்டுகள் பட்டாணி அளவுக்குத் தேய்ந்திருந்தன, சுற்றிலும் மை போன்ற பொடி. புதிது போட்டு, கூலியோடு 350 ரூபாய். பழைய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். பட்டறைக்காரரிடம் காட்ட வேண்டும் என்று எண்ணம். காட்ட மாட்டேன் என்பது மனைவியின் எண்ணம்.

ஜூன் 15, ஞாயிறு

காதுகுத்து அன்று கோயில் பூசாரி வீட்டில் விட்டுவந்த சீர்த்தட்டுகளை எடுத்துவரப் போனோம். இந்த முறை போனை நம்பவில்லை. தேர் நின்று நின்று போவதுபோல் ஒவ்வொரு முக்கிலும் நிறுத்தி ஆளைக் கேட்டேன். "புளியமரத்தில் இடது பக்கம் திரும்பு தம்பி, கூப்பிடு தூரம்தான்" என்றார் ஒரு பெரியவர். நான்கு கிலோமீட்டர் போயும் புளியமரம் இல்லை. இன்னொருவரைக் கேட்டோம். "அதுவா? சாலையை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்களே" என்றார், அது எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல.

திரும்பி வரும்போது சந்தில் ஆட்டு மந்தை. நின்றோம். முள் நடுவைத் தாண்டி ஒரு மயிரிழை ஏறியது. யாரும் பேசவில்லை. பிறகு பானெட்டுக்குள் கர்ரென்று விசிறி எழுந்தது. முள் இறங்கியது.

"கேட்கிறதா?" என்றேன்.

"கேட்கிறது. ஆனால் இந்த மஞ்சள் வீட்டை இதோடு மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன்" என்றாள்.